அஞ்சு தையலுக்கு ஒண்ணு

– மிஷினை நிறுத்து தேவி. கதவைச் சாத்திப்போட்டுத் தாப்பாளைப் போடு.

– மத்தியானம் ரெண்டு மணிக்குத் தாப்பாளுங்களா மாமா? எதுத்த ஊட்டுக்காரங்க என்ன நெனப்பாங்க? புழுக்கம் வேற.

– நெனச்சுட்டுப் போகட்டும். போடுன்னாப் போடேன்.

– சரிங்க, போட்டாச்சு. ஏனுங்க மூஞ்சியெல்லாம் இப்படி வேர்த்துக் கெடக்குது? ஷிப்மென்ட் இருக்குது, ரெண்டு நாளைக்கு ஊட்டுப் பக்கமே வரமாட்டேன்னு சொல்லிப்போட்டுப் போனீங்க. வந்ததுதான் வந்தீங்க, துணி ஓரம் அடிக்கற இந்த ஓவர்லாக் மிஷினைச் சித்தெ பாருங்க. பத்து நாளா சொல்றேன், தையல் விடுதுன்னு. கம்பெனியில எரநூறு மிஷினுக்கு மெக்கானிக்கு, ஊட்டுல இருக்கற ஒரு மிஷினைத் தொட நேரமில்லை.

– மிஷின் கெடக்குது விடு. நான் சொல்றதைக் கேளு. அட்டாலி மேல என்னோட உறுமி இருக்குதல்ல, அதை எறக்கு. தோலைக் கிழிச்சு, கட்டையை ஊட்டுக்குப் பின்னால பொடக்காலி அடுப்புல வெச்சிரு.

– மூணு வருசமா அதைத் தூசி தட்டக்கூட விடமாட்டீங்க. இப்ப அடுப்புல வெக்கச் சொல்றீங்க. யாராச்சும் எதாச்சும் கேட்டாங்களா?

– பிசிறு புதுசா ஒரு பாட்டுப் போட்டிருக்குது. தெரியுமா உனக்கு?

– ஊருக்கே தெரியுமுங்களே. அருள்புரத்துல டீக்கடையில கூட அதுதான் ஓடுது.

– எப்படிப் போடும்? பிசிறுன்னா நாங்க நாலு பேரு. பாடறது உங்கண்ணன் வெள்ளையன். கிட்டார் சதீஷ்குமாரு. பறை ராக்கையா. உறுமி நான். உங்கண்ணன் போன அன்னைக்கே கதை முடிஞ்சுது. சதீஷு துபாய்ல இருக்கறான். ராக்கையா கையில கட்டையைத் தொட்டு மூணு வருசமாச்சு. மீதி யாரு? நான் ஒருத்தன். அப்ப எங்களாட்டவே முகமூடியப் போட்டுட்டு இன்னைக்குப் பாடறது யாரு?

– நாலு பேரு எந்திரிச்சுப் போனாப் பாட்டும் எந்திரிச்சுப் போயிருமுங்களா மாமா? எங்கண்ணன் பூட்டுப் பாட்டுப் பாடி எத்தனை நாள் ஆச்சு? அதைக் கேட்டுத்தான் போன தை மாசம் கம்பெனி ஹாஸ்டல் புள்ளைக முன்னூறு பேரு சோத்துத் தட்டை அப்படியே வெச்சுப்போட்டு கேட்டு முன்னால வந்து உக்காந்துச்சு. பூட்டைக் கழட்டுனாங்களா இல்லீங்களா? பீகார்க்காரங்க தமிழே தெரியாம தட்டுல தாளம் போட்டு அதைப் பாடறாங்க.

– அதுதான் இப்ப வெனையே. எங்க யூனிட்ல என்ன நடக்குதுன்னு தெரியுமா? லைன்ல ஒருத்தி பூட்டுப் பாட்டுல இருந்து 'சாவி உங்க இடுப்புலீங்க' அப்படிங்கறா. அக்கட்டால இருந்து இன்னொருத்தி 'சாமி உங்க கும்புடுலீங்க' அப்படிங்கறா. மிஷின் சத்தத்துல யாரு பாடுனான்னு ஒருத்தனுக்கும் தெரியாது. ஆனா அறுபது காலும் ஒரே நேரத்துல பெடலை விட்டு எந்திரிக்குது. ரெண்டே நிமிசம். மறுபடி ஓட ஆரம்பிக்குது. சூப்பர்வைசரு பைத்தியம் புடிச்சாப்பல சுத்தறாரு.

– எங்கண்ணன் இருந்தாச் சிரிச்சிருக்கும்.

– உங்கண்ணன் சிரிப்பான். மரியாதையாப் பாடியே மானத்தை வாங்கறவன். ஒரு கெட்ட வார்த்தை வராது அவன் வாயில. வாங்க போங்கன்னே கொன்னுபோடுவான். அதே மாதிரிதான் இந்தப் புதுப் பாட்டும் இருக்குது. 'வளைவுல விழுந்தான்னு சொன்னீங்க, வண்டியில கீறலே இல்லீங்க.' கேட்டியா?

– கேட்டனுங்க.

– வண்டியில கீறல் இல்லைங்கறது யாருக்குத் தெரியும்? ஸ்டேஷன்ல கையெழுத்துப் போட்டு வண்டியை உருட்டிட்டு வந்தது நான். வாசல்ல நின்னு பாத்தது நீ. தொடைச்சு வெச்சாப்பல இருந்துச்சு வண்டி. ஆளு மட்டும் போயிட்டான்.

– எங்கம்மாளும் பாத்தாங்க.

– உங்கம்மா பாட்டுக் கட்டி முகமூடி போட்டுட்டு ஆடுவாங்களா? கேக்கறவன் எம் மூஞ்சியத்தான பாப்பான். அதுக்கு அடுத்தது அதை விட மோசம். 'மண்டிக்கு வர்ற சேதி நாலு பேருக்குத்தானுங்க, அஞ்சாவது காதுக்கு அனுப்பி வெச்சது யாருங்க.' மூணாவது அடியில பேரைச் சொல்லப் போறாங்களாம். ஞாயித்துக்கிழமை.

– அதுக்கு நீங்க எதுக்குங்க பயப்படறீங்க? நாலு பேருல நீங்க ஒருத்தரு. அன்னைக்குக் காய்ச்சல் வந்து படுத்திருந்தீங்க. மூலனூர் முருங்கைக்காய் மண்டிக்குப் பாட நீங்களும் போயிருந்தா உங்களையும் அந்த ரோட்டுல கெடத்தியிருப்பாங்கன்னு நான் எத்தனை நாள் சாமிக்கு வெளக்குப் போட்டிருக்கறேன்.

– நான் பயப்படறது அதுக்கில்லை. சரி, தண்ணி குடு.

– இந்தாங்க. மெதுவாக் குடிங்க. கம்பெனியில என்னதான் நடந்துச்சு?

– சின்னவரு கூப்பிட்டு அனுப்புனாரு. ஆபீஸ் ரூமுக்கு.

– மொதலாளி பையன் நித்தீஷுங்களா?

– பேரைச் சொல்லாத. செவுத்துல பெரிய டிவி. அதுல அந்தப் பாட்டு. நிறுத்தி நிறுத்திப் பாக்கறாங்க. சூப்பர்வைசரு மகுடேஸ்வரன் அண்ணன் பக்கத்துல நிக்கறாரு. நீதானடா அடிக்கறேன்னு கேக்கப் போறாருன்னு நெனச்சேன். அவரு உக்காருங்கறாரு. டீ கொண்டாறச் சொல்றாரு. 'அருளு, நீ தையலைப் பாத்தே மிஷினைச் சொல்லிருவியாமே' அப்படிங்கறாரு.

– ம்.

– முகமூடி பனியன் துணியில தச்சது. அதோட ஓரத்தை டிவியில பெருசாக்கிக் காட்டறாரு. தையல் பளிச்சுனு தெரியுது.

– நீங்க என்னங்க சொன்னீங்க?

– எனக்கு உசுரு திரும்பி வந்தாப்பல ஆயிருச்சு தேவி. எம் மேல சந்தேகம் இல்லை, ஒத்தாசைதான் கேக்கறாங்கன்னு தெரிஞ்சதும் வாய் நிக்கலை. ஒவ்வொரு மிஷினுக்கும் ஒரு கையெழுத்து இருக்குதல்ல. பாத்ததும் சொல்லிப்போட்டேன். இது ஓவர்லாக்கு. அடி நூலைக் கோக்கற லூப்பர் மொனை உடைஞ்சிருக்குது. அஞ்சு தையலுக்கு ஒண்ணு விடுது, விட்ட எடத்துல நூலு எடப்பக்கமாச் சாயுது. பழைய மாடலு. எக்ஸ்போர்ட் கம்பெனியில இதை வெச்சிருக்க மாட்டாங்க. ஊட்டுல ஜாப் வொர்க் பண்றவங்க யாரோதான்னு.

– ஜாப் வொர்க் பண்றவங்கன்னும் சொல்லிப்போட்டீங்களா?

– கேட்டா என்ன பண்றது? நான் அதுல இல்லைன்னு அவங்களுக்கு நம்பிக்கை வரோணுமல்ல? மகுடேஸ்வரன் அண்ணனை அனுப்பிட்டாங்க. அருள்புரத்துல ஊடு ஊடாப் போயித் துணியைக் குடுத்துத் தச்சுக் காட்டச் சொல்றாங்க. விட்ட தையல் எந்த ஊட்டுல வருதோ அந்த ஊடு. நம்மூட்டுக்கும் வருவாங்க. வந்தா அட்டாலியில உறுமியைப் பாத்துருவாங்க. அதுக்குத்தான் சோத்துக்குப் போறேன்னு சொல்லிப்போட்டு ஓடியாறேன். என்ன தேவி, அடிச்சு வெச்சாப்பல நிக்கறே?

– மாமா. இந்தாங்க.

– என்னது? ஜாப் வொர்க் பீசா? இதை எதுக்கு இப்ப?

– ஓரத்தைப் பாருங்க.

– ஓரத்துல என்ன?

– வெளிச்சத்துல புடிச்சுப் பாருங்க. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. அஞ்சாவது எங்கீங்க? பத்து நாளா என்ன சொல்லீட்டு இருந்தேன் உங்ககிட்ட?

– தேவி.

– தையல் விடுது மாமான்னு. லூப்பரை மாத்திக் குடுங்கன்னு.

– நீயா?

– நாந்தானுங்க.

– முகமூடி நீ தச்சுக் குடுத்தியா? காசுக்கா? யாருன்னு தெரியாமத் தச்சுக் குடுத்தியா? அப்படின்னு சொல்லு.

– தச்சதும் நான். பாடறதும் நான். நடுவுல நிக்குதல்ல, சாம்பக் கலரு முகமூடி, அது நான்.

– உங்குரல் எனக்குத் தெரியாதா?

– நீங்க எங்கீங்க எங்குரலைக் கேட்டீங்க? அண்ணன் போனதுல இருந்து இந்த ஊட்டுல பாட்டுச் சத்தமே ஆகாதுன்னு சொல்லிப்போட்டீங்க. நீங்க ஓவர்டைம் பாக்கற ஞாயித்துக்கிழமையெல்லாம் எங்கம்மா ஊட்டுக்கு, கணியூருக்குப் போறேன்னு போனது இதுக்குத்தானுங்க.

– ஐயோ தேவி. உங்கண்ணனை அப்படிக் கெடத்துனதைப் பாத்தும் நீ அந்தத் துணியை மூஞ்சியில மாட்டுனியா?

– பாத்ததுனாலதானுங்க மாட்டுனேன். மூணு வருசமா எனக்கு வேற நெனப்பே இல்லை. இப்ப நாங்க மட்டும்னு நெனைக்காதீங்க. பல்லடத்துல ஒரு கூட்டம் பாடுது, மூலனூர்ல ஒண்ணு. அத்தனை பேருக்கும் முகமூடி இந்த மிஷின்லதான் தச்சேன். கடைசி மூட்டை காலையிலதான் போச்சு.

– அத்தனையிலயும் இந்தத் தையலா?

– பத்து நாளாத் தச்சது அத்தனையும்.

– வண்டிச் சத்தம் கேக்குது. ஜன்னல்ல பாரு. தலையை நீட்டாத.

– கம்பெனி வண்டிதானுங்க. நம்ம ஊட்டு லைன் மொதல்ல நிக்குது. நிர்மலாக்கா ஊட்டுக்குள்ள போறாங்க. மகுடேஸ்வரன் அண்ணன், கூட ரெண்டு பேரு.

– நம்ம லைன்ல மொத்தம் எத்தனை மிஷின்?

– நிர்மலாக்கா ஒண்ணு, மோனிஷா ஊட்டுல ஒண்ணு. மூணாவது நாமதான்.

– பொடக்காலி வழியா எறங்கி, காட்டு இட்டேறிப் பாதையில போயிரலாம். நேரா கணியூரு.

– ஊட்டைப் பூட்டீட்டு ஓடுனா அதுவே போதுமுங்களே அவங்களுக்கு. மிஷின் இங்கதான நிக்கும்?

– இரு. இரு இரு. எம் பையைக் குடு. டூல்ஸ் பையி. புது லூப்பர் ஒண்ணு கெடக்கோணும். கம்பெனிக்கு வாங்குனது.

– நம்ம மாடலுக்குச் சேருமுங்களா?

– சேர வெக்கறேன். அந்த மூடியைக் கழட்டு. நூலை அறுத்து விடு. விட்ட தையலு இருக்கற பீசையெல்லாம் எடுத்து வேஸ்ட் மூட்டைக்கு அடியில அமுக்கு. உறுமி மேல ஒரு மூட்டையைப் போட்டு மறை. டார்ச்சை இப்படிப் புடி. கை ஆடாமப் புடி.

– மறைச்சாச்சு, புடிச்சாச்சுங்க.

– இதோ, பழசு கழண்டுருச்சு. பாரு, மொனை எப்படி உடைஞ்சிருக்குதுன்னு. இத்தனூண்டு. இதைக் கீழ போட்டா மிதிபட்டு வெளிய வரும். சட்டைப் பையிலயே இருக்கட்டும். போற வழியில வாய்க்கால்ல வீசிக்கறேன்.

– நிர்மலாக்கா ஊட்டுல இருந்து வெளிய வந்துட்டாங்க. மோனிஷா ஊட்டுக்குப் போறாங்க.

– அஞ்சு நிமிசம். அஞ்சே நிமிசம் குடு சாமி. தேவி, நான் சொல்றதைக் கேளு. ஒருவேளை கண்டுபுடிச்சாலும் பயப்படாத. பொம்பளையை ஒண்ணும் பண்ணமாட்டாங்க. பேசி அனுப்பிருவோம், கையை வெக்கமாட்டோம்னுதான் சின்னவரு சொல்வாரு. அன்னைக்கும் அப்படித்தான் சொன்னாரு.

– என்னைக்குங்க?

– என்ன?

– அன்னைக்கும்னு சொன்னீங்க. என்னைக்கு? யாரைப் பேசி அனுப்பறதாச் சொன்னாரு?

– டார்ச்சை நேராப் புடி.

– நேராத்தான் புடிச்சிருக்கறேன். என்னைக்குங்க மாமா?

– அந்த ஸ்க்ரூவை எடு.

– அண்ணன் மண்டிக்குப் போன அன்னைக்குங்களா?

– எனக்கு வேற வழி இல்லை தேவி. உறுமி அடிக்கறது நான்தான்னு எப்படியோ தெரிஞ்சு போச்சு அவங்களுக்கு. ரூமுக்குள்ள உக்கார வெச்சுட்டாங்க. பாடறது யாரு, அடுத்து எங்க பாடறீங்க, அதை மட்டும் சொல்லு, உன்னை விட்டுர்றோம், உறுமியைக் கொளுத்திப்போட்டு வேலையைப் பாருன்னாங்க. முகமூடியைக் கழட்டி மெரட்டி அனுப்புவாங்க, அவ்வளவுதான்னு நெனச்சேன். சத்தியமா அப்படித்தான் நெனச்சேன். இப்படி ஆகும்னு தெரிஞ்சா சொல்லியிருப்பனா?

– காய்ச்சல்னீங்களே.

– காய்ச்சல் இல்லை.

– நான் கசாயம் வெச்சுக் குடுத்தேன். போத்தி விட்டேன். நெத்தியில துணி நனைச்சுப் போட்டுட்டு உக்காந்திருந்தேன். அண்ணன் வாசல்ல வந்து நின்னு, மாப்பிள்ளை படுத்துக்கட்டும், நான் முன்னால போயி மண்டியில ஆளைக் கூட்டி வெக்கறேன்னு சொல்லிப்போட்டுப் போச்சு. போர்வைக்குள்ள இருந்து அதைக் கேட்டுட்டுத்தான் இருந்தீங்க.

– கேட்டுட்டுத்தான் இருந்தேன். எந்திரிச்சுச் சொல்லிரலாம்னு ரெண்டு தடவை காலை ஊனுனேன். வரலை. எனக்குப் பயம் தேவி. நான் பயந்தவன். கட்டும்போதே உனக்குத் தெரியும்.

– தெரியுமுங்க. பயந்தவர்னு தெரியும்.

– திட்டு. அடி. எதாச்சும் பேசு. இப்படி நிக்காத.

– கோவமே வரலீங்க மாமா. பயமா இருக்குது. மூணு வருசம் எங்கண்ணன் போட்டோவுக்கு நீங்கதான் மாலை வாங்கியாருவீங்க. எங்கம்மா காலைப் புடிச்சுட்டு நீங்க அழுதீங்க. நாங்க நாலஞ்சு பேரு உக்காந்து மூணாவது அடிக்கு ஒரு பேரைத் தேடி, யாரு யாரையோ சந்தேகப்பட்டோம். சதீஷைக் கூடச் சந்தேகப்பட்டோம். பேரு கெடைச்சாத்தான் பாடறதுன்னு இருந்தோம். ஞாயித்துக்கிழமைன்னு சும்மா போட்டது. அப்படிப் போட்டா எவனாச்சும் பயந்து வெளிய வருவான்னு.

– தேவி.

– லூப்பருக்கு டைமிங் வெச்சாச்சுங்களா?

– வெச்சாச்சு. ஒரு துண்டுத் துணி குடு, ஓட்டிப் பாக்கறேன். பாரு. ஒண்ணு கூட விடலை. பாரு தேவி, சுத்தமா இருக்குது. நீ தப்பிச்சுட்டே. நான் அன்னைக்குப் பண்ணுனதுக்கு இதையாச்சும்...

– தட்டறாங்க.

– முகத்தைத் தொடைச்சுக்க.

– நீங்க தொடைச்சுக்கோங்க. வர்றனுங்கண்ணா, தொறக்கறேன்.

– தேவீங்களா, நாந்தானுங்க கம்பெனி சூப்பர்வைசரு மகுடேஸ்வரன். பகல்ல கதவைச் சாத்தியிருக்குது, யாரும் இல்லைன்னு நெனச்சேன். அட, அருளு, நீ இங்கதான் இருக்கறியா?

– சோத்துக்கு வந்தனுங்கண்ணா.

– நல்லதாப் போச்சு. ஒண்ணுமில்லைங்க தேவி, பயந்துக்காதீங்க. எல்லா ஊட்டுலயும் பாக்கறதுதான். இந்தத் துணியில ஒரு ஓரம் அடிச்சுக் காட்டுங்க. உங்க மிஷினை அருளு பாத்துக்குவான்னு எனக்குத் தெரியும், இருந்தாலும் சின்னவரு ஒரு ஊடு விடக்கூடாதுன்னு சொல்லிப்போட்டாரு.

– அதுக்கென்னங்கண்ணா. குடுங்க. எவ்வளவு தூரம் அடிக்கட்டும்?

– ஒரு மொழம் போதுமுங்க. அருளு, நீயே பாத்துச் சொல்லு. உன்னை விட எவனுக்குத் தெரியும்.

– சுத்தமா இருக்குதுங்கண்ணா. ஒரு தையல் விடலை.

– பாத்தேன் பாத்தேன். சரிங்க தேவி, தொந்தரவு குடுத்துட்டோம். அருளு, நீ அன்னைக்குக் குடுத்த வாக்கைக் காப்பாத்தறவன்னு சின்னவரு கூடச் சொல்லீட்டு இருந்தாரு. சோறு உண்டுட்டு மெதுவா வா. நாங்க அடுத்த லைனுக்குப் போறோம்.

– ஏனுங்கண்ணா, ஒரு நிமிசம் நில்லுங்க.

– சொல்லுங்க தேவி.

– இந்த மிஷின்ல லூப்பரு இப்பத்தானுங்க அவரு புதுசு மாத்துனது. மொனை உடைஞ்ச பழைய லூப்பர் அவரு சட்டைப் பையில இருக்குதுங்க.